தையல் விட்ட சத்தம்

சென்னை-15
14-6-1971

அண்ணன் குழந்தைவேலு அவர்களுக்கு, மங்கையர்க்கரசி எழுதுவது.

உங்கள் விலாசம் ராஜமாணிக்கம் அண்ணன் கொடுத்தது. பட்டாளத்து டிப்போவில் உங்களோடு குதிரை பழக்கினாரே, அவர்தான். போன மாதம் சைதாப்பேட்டைக் கடைத்தெருவில் பார்த்தேன். பட்டாளத்து ஆட்களுக்கு நிக்கோபாரில் கொடுத்த நிலத்துக்கு நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது, கல்யாணமும் ஆகிவிட்டது என்று அவர் சொல்லித்தான் தெரியும். சந்தோஷம்.

எட்டு வருடம் கழித்து எழுதும்போது நலம் விசாரித்து நாலு வரி எழுதவேண்டும். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அதனால் விஷயத்துக்கு வருகிறேன்.

டிப்போவில் வேலை போனதிலிருந்து என் வீட்டுக்காரர் ஒரு கடையில் பள்ளிக்கூடப் பைகள் தைக்கிறார். இப்போது வேளச்சேரிப் பக்கம் பந்தயக் குதிரை லாயம் வைத்திருக்கும் ஒருவருக்குச் சேணம் தைக்க ஆள் வேண்டுமாம். இவர் போய்க் கேட்டார். மானேஜர் நன்றாகப் பேசிவிட்டு, டிப்போவில் ஏன் நீக்கினார்கள் என்று கேட்டிருக்கிறார். இவரும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். சேணத்தில் தையல் விட்டு, சவாரி செய்தவர் விழுந்து கால் முறிந்தது, தைத்தவன் நான் என்று வேலையைவிட்டு நீக்கினார்கள் என்று. விழுந்தவர் தன் மைத்துனர் என்பதை மட்டும் சொல்லவில்லையாம்.

அதைக் கேட்டுவிட்டு மானேஜர், "உங்க கைவேலை பழசு ஏதாவது இருந்தா கொண்டாங்க. புதுசு எல்லாரும் நல்லாத்தான் தைப்பாங்க. பத்து வருஷம் கழிச்சு எப்படி இருக்குன்னு பாக்கணும்" என்றாராம்.

இவர் தைத்ததெல்லாம் டிப்போவில் இருக்கிறது. வெளியே வந்தது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் விழுந்த அந்தச் சீமைச் சேணம். கழித்துக் கட்டி ஏலம் விட்டபோது நீங்களே வாங்கினீர்கள் என்று ராஜமாணிக்கம் அண்ணன் சொன்னார். ஏன் வாங்கினீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு பக்கத்து வார்தான் பிய்ந்தது, மற்றதெல்லாம் அறுபத்திரண்டில் தான் பிரித்துத் தைத்தபடி இருக்கும் என்கிறார் இவர்.

பழையதைக் கிளற நான் எழுதவில்லை. அந்தச் சேணத்தை அனுப்பி வையுங்கள். அப்பா போனபிறகு என்னைப் படிக்கவைத்து, உங்கள் சிநேகிதருக்கே கட்டிக்கொடுத்ததும் நீங்கள்தான். அந்த உரிமையில் கேட்கிறேன்.

மங்கையர்க்கரசி


கேம்பல் பே
2-8-1971

அன்புள்ள மங்கைக்கு,

உன் கடிதம் ஏழு வாரம் கழித்து வந்தது. இங்கே கப்பல் மாதம் ஒன்று வந்தால் உண்டு, கடல் சரியில்லையென்றால் அதுவும் இல்லை. தபால் பையைப் பிரிக்கும்போது எல்லாரும் போய் நிற்பார்கள். எனக்கு யார் எழுதப்போகிறார்கள் என்று நான் போவதில்லை. பக்கத்து நிலத்துத் தாமஸ்தான் வாங்கிவந்து கொடுத்தான். உன் கையெழுத்தைப் பார்த்ததும் கொஞ்சநேரம் பிரிக்கவில்லை.

உனக்கு அண்ணி வந்திருக்கிறாள். பெயர் ருக்கு. மன்னார்குடிப் பக்கம். அறுபத்தெட்டில் கல்யாணம். எழுதவில்லை என்று கோபப்படாதே.

இந்த இடத்தைப் பற்றி என்ன எழுத. வந்தபோது முழுக்கக் காடு. பதினோரு ஏக்கர் என்று கல் நட்டுக் காட்டினார்கள். எனக்கு இடது முழங்கால் முழுசாக மடங்காது, உனக்குத் தெரியும். பட்டாளத்தில் காயம்பட்டவன் என்று சலுகைப் பட்டியலில் பெயர் இருந்ததால்தான் இது கிடைத்தது. நாலு ஏக்கர் வெட்டியாகிவிட்டது. ருக்கு கையால் வைத்த தென்னங்கன்று நூற்றுச்சொச்சம் நிற்கிறது. சுற்றிலும் பஞ்சாபிக்காரர்கள், மராட்டியர்கள், மலையாளிகள். எல்லாரும் பட்டாளம். இந்தியில்தான் பேச்சு. தாமஸும் அவன் பெண்சாதி லூசியும் தூத்துக்குடிக்காரர்கள். அவர்களோடு மட்டும் தமிழ்.

மழைதான் தாங்கமுடியாது. வருடத்தில் பத்து மாதம் பெய்கிறது. பூட்ஸ் போட்ட ஆறாவது மாதம் வாய் பிளந்தது. டிரங்குப் பெட்டி துருப்பிடித்து அடி விழுந்துவிட்டது. கல்யாண போட்டோவில் என் முகம் இருந்த இடத்தில் பூஞ்சை. கயிறு ஒரு பருவம் தாங்காது.

நீ கேட்ட சேணமும் அப்படித்தான் ஆயிற்று. கொட்டகையில் போட்டிருந்தேன். கரையான் ஏறி, மழையில் ஊறி, மக்கிப்போய்விட்டது. போன வருடமே நாலாவில் எறிந்துவிட்டேன். நாலா என்றால் இங்கே ஓடை. வெள்ளம் கடலுக்குக் கொண்டுபோயிருக்கும். இருந்திருந்தால் அனுப்பாமல் இருப்பேனா.

மாப்பிள்ளையிடம் சொல். வேறு வழி பார்க்கச் சொல். நல்ல வேலைக்காரர், எப்படியும் கிடைக்கும்.

குழந்தைவேலு


சென்னை-15
20-9-1971

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அண்ணி வந்த செய்தி வரைக்கும் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். சேணம் மக்கியது என்ற இடத்தில் "திரும்பப் படி" என்றார். படித்தேன்.

"மக்கியிருக்காது" என்றார்.

கரையான் தின்றது என்று எழுதியிருக்கிறாரே என்றேன்.

"கொழுப்பும் தேன்மெழுகும் ஏத்தின தோலு மங்கை அது. அம்பது வருஷம் வெயில்லயும் மழையிலயும் ஆடினது. நனைஞ்சா வெறைக்கும். பூஞ்சை பூக்கும். துணி வெச்சுத் தொடச்சா உள்ள அப்படியே இருக்கும். ரெண்டு வருஷ மழைக்கு மக்குற சாமான் இல்ல. சரி, மக்குச்சுன்னே வெச்சுக்க. எது மொதல்ல போச்சுன்னு கேட்டு எழுது. அடியில இருக்குற கம்பளியா, மரச்சட்டமா, தோலா, நூலா? மக்குனதப் பாத்தவருக்குத் தெரியும்."

எங்கள் அண்ணன் எதற்காகப் பொய் சொல்லவேண்டும் என்று நான் கேட்டேன். கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் கேட்டதை எழுதிவிட்டேன். நீங்கள் ஒரு வரி பதில் எழுதினால் வீட்டில் இந்தப் பேச்சு அடங்கும். லாயத்து மானேஜர் பொங்கல் வரைக்கும் பார்ப்பேன் என்கிறார். இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு பையைத் தைத்து முடித்துத் திரும்பப் பிரிக்கிறாராம், கடைக்காரர் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

மங்கையர்க்கரசி


கேம்பல் பே
5-11-1971

மங்கைக்கு,

எது முதலில் போனது என்று மறுபடி ஒரு விசாரணை வைக்கிறாரா உன் வீட்டுக்காரர்? ஒரு விசாரணையில் நான் பட்டது போதும். காடு வெட்டவே இங்கே பகல் போதவில்லை. சேணத்துக்கு முன்னால் உட்கார்ந்து தினம் பார்த்துக்கொண்டிருந்தேனா?

நூல்தான் முதலில் போனது. போதுமா. இதற்குமேல் அதைப் பற்றி எழுதாதே.

கப்பல் கிளம்புகிறது. ருக்கு உன்னை விசாரித்தாள்.

குழந்தைவேலு


சென்னை-15
19-12-1971

அண்ணனுக்கு,

பாகிஸ்தான் சண்டை முடிந்தது என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். ஆனால் கப்பல் எப்போது ஓடும் என்று துறைமுகத்தில் யாருக்கும் தெரியவில்லை. இது எப்போது வந்து சேருமோ. இரண்டு வாரமாக இங்கே ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தோம். நீங்கள் கடல் நடுவில் என்ன பாடுபடுகிறீர்களோ என்று நினைத்துக்கொண்டேன். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். நினைத்துக்கொண்டேன்.

நூல் முதலில் போனது என்று நீங்கள் எழுதியதை வாசித்தேன். அவர் சிரித்தார். எட்டு வருடத்தில் அந்தப் பேச்சில் அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

"ரெண்டு ஊசித் தையல் அது. ஒரே தொளையில ரெண்டு பக்கத்துலேருந்தும் ஊசி போவும். ஒரு நூல் அறுந்தா இன்னொண்ணு புடிச்சுக்கும். தோல் கிழியும், மரம் ஒடியும், நூல் கடைசியாத்தான் போவும். உன் அண்ணன் அத எறியவும் இல்ல, அது மக்கவும் இல்ல. பாக்க முடியாம எங்கியோ வெச்சிருக்கான்."

நான் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன். உங்கள் கைவேலை என்ன கடவுள் வேலையா, தையல் விட்டதால்தானே அவர் கால் போனது, இன்னும் அவரையே குற்றம் சொல்கிறீர்களே என்று. அவர் எழுந்துபோய் வாசலில் நின்றுகொண்டார். மறுநாள் லாயத்துக்குப் போய், பழைய வேலை எதுவும் கிடைக்கவில்லை என்று தானே சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

இனி சேணம் வேண்டாம். ஒரு விஷயம் மட்டும் எழுதுங்கள். அவர்மேல் உங்களுக்குக் கோபம் இல்லை என்று ஒரு வரி. அதைப் படித்துக் காட்டினால் அவர் மனசு ஆறும் என்று நினைக்கிறேன்.

மங்கையர்க்கரசி


கேம்பல் பே
22-1-1972

மங்கை,

கப்பல் நின்றுபோய் இரண்டு மாதமாக எந்தத் தபாலும் இல்லை. நீ ஏதாவது எழுதியிருந்தால் இன்னும் வரவில்லை. வருவதற்குள் இதை எழுதிவிடவேண்டும். வந்தால் அதற்குப் பதில் சொல்லும் சாக்கில் மறுபடி எதையாவது எழுதிவிடுவேன்.

சேணம் என்னிடம்தான் இருக்கிறது. மக்கவில்லை.

முதல் மழைக்காலத்தில் கொட்டகைக் கூரை ஒரு மூலையில் ஒழுகியது. நான் சேணத்தை எடுத்துச் சரியாக அந்த மூலையில் வைத்தேன். தானாகப் போகட்டும் என்று. ஐந்து மாதம் தண்ணீர் சொட்டியது. வெள்ளையாகப் பூஞ்சை மூடி, சேணம் என்றே தெரியவில்லை. ஒருநாள் ருக்கு அதைப் பார்த்துவிட்டு, யாருடையது இது, இப்படிப் போட்டிருக்கிறீர்களே என்று துணியால் துடைத்தாள். அடியில் அதே பழுப்பு நிறம். தையல் ஒவ்வொன்றும் அரிசி வைத்ததுபோல வரிசையாக. அன்றிலிருந்து எனக்கு அந்தக் கொட்டகைக்குள் போகவே பிடிக்காது.

டிசம்பரில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். ரோடு போடுகிறவர்கள் எங்கள் நிலத்துக்கு அந்தப்பக்கம் மலையை வெட்டியிருந்தார்கள். மழையில் கரை சரிந்து, தாமஸ் இரண்டு ஆள் ஆழத்துக்கு உள்ளே போய்விட்டான். மத்தியானம். கீழே சேறு அவனை இடுப்புவரை பிடித்துவிட்டது. மேலிருந்து மண் விழுந்துகொண்டே இருந்தது. சர்தார் ஒருவர் கயிறு எறிந்தார். பாதி தூக்கியதும் கயிறு அறுந்து மறுபடி விழுந்தான். அப்போதுதான் கணுக்கால் ஒடிந்தது. லூசி என்னைப் பிடித்து உலுக்கி, "வேலண்ணாச்சி, ஒம்ம கொட்டகைல தோல் வாரு கெடக்குல்லா, எடுத்தாரும்" என்றாள். வீட்டுக்கு வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள்.

நான் போகவில்லை, மங்கை. ஒரு நிமிஷம் நின்றேன். அந்த வாரில் ஒரு ஆளைத் தொங்கவிடுவதா என்று பயந்து நிற்கவில்லை. அது தாங்கிவிடுமே என்று நின்றேன். எழுதவே கை கூசுகிறது. பிறகு ஓடினேன்.

அங்கவடி வார் இரண்டையும், வயிற்று வாரையும், கடிவாள வாரையும் பக்கிளோடு பக்கிள் மாட்டி இறக்கினோம். எல்லாம் மாப்பிள்ளை அறுபத்திரண்டில் தைத்தது. தாமஸ் கனமான ஆள். சேறு வேறு அவனை விடவில்லை. சர்தார் "ஜோர் லகாவ்" என்று கத்த, நாலு பேர் இழுத்தோம். முன்னால் நின்றவன் நான். வார் என் முகத்துக்கு நேரே விறைத்து நின்றது. ஒரு தையல் அசையவில்லை. ஒரு சத்தம் இல்லை.

அறுபத்துமூன்றில் நான் சொன்னது ஒரே வரி. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அதிகாரி கேட்டார். வயிற்று வாரில் இரண்டு பக்கிளும் மாட்டியிருந்தாயா என்றார். மாட்டினேன் என்றேன். பிறகு எப்படி விழுந்தாய் என்றார். "தையல் விட்ட சத்தம் கேட்டது சாப்" என்றேன்.

நான் ஒரு பக்கிள்தான் மாட்டியிருந்தேன். அன்றைக்கு அணிவகுப்புக்குத் தாமதம். அந்தக் குதிரை சேணம் போடும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும். இரண்டாவது பக்கிள் எட்டவில்லை. ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று ஏறிவிட்டேன். முதல் தடையைத் தாண்டும்போதே சேணம் ஒரு பக்கமாகப் புரண்டது. நான் விழுந்தபிறகு குதிரை மிரண்டு, வயிற்றுக்கடியில் தொங்கிய சேணத்தை மிதித்துக்கொண்டே மைதானம் முழுக்க ஓடியது. சேணத்தின் பக்கத்து வார் பிய்ந்தது அப்போதுதான். மண்ணில் கிடந்தபடி நான் பார்த்தேன்.

என் கவனக்குறைவு என்று எழுதினால் பென்ஷன் கிடையாது. முப்பது வயதில் மடங்காத காலோடு எங்கே போவேன் என்று நினைத்தேன். மாப்பிள்ளையைக் கண்டித்து விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். வேலையைவிட்டே அனுப்புவார்கள் என்று நினைக்கவில்லை. அனுப்பியபிறகாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சேணத்தை ஏலத்தில் வாங்கியது, அது அவர் கைக்குப் போய்விடக்கூடாது என்றுதான். வாரில் எந்தப் பக்கிள் அன்றைக்கு இறுகியது, எது மாட்டவே இல்லை என்று தழும்பைப் பார்த்தமாத்திரத்தில் சொல்லிவிடுவார். வருடம் போகப்போக எனக்கே அந்தச் சத்தம் கேட்டது போலத்தான் இருந்தது. அவ்வளவு தடவை சொல்லியிருந்தேன்.

நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒன்று பட்டாளத்து ரெக்கார்டு ஆபீசுக்கும் ஒன்று இங்கே நிலத்து ஆபீசுக்கும் கொடுத்துவிட்டேன். மூன்றாவது பிரதி இதோடு இருக்கிறது. மாப்பிள்ளை யாரிடம் வேண்டுமானாலும் காட்டட்டும். சலுகையில் கிடைத்த நிலம் என்பதால் ருக்குவிடம் முதலில் கேட்டேன். "அன்னிக்கு யாரைக் கேட்டுப் பொய் சொன்னீங்க? இப்ப மட்டும் என்னை ஏன் கேக்குறீங்க?" என்றாள். இரண்டு நாள் பேசவில்லை. கன்றுகளுக்கு நடுவில் போய்ப் போய் நின்றாள். மூன்றாம் நாள் பேனா எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்துக்கொடுத்தாள்.

கடற்படைக் கப்பல் ஒன்றில் தாமஸைப் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். சேணத்தைச் சாக்கில் கட்டி லூசியிடம் கொடுத்திருக்கிறேன். அவள் தம்பி இருதயநாதன் மெட்ராஸ் கப்பலில் வேலை செய்கிறான். உன் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுப்பான்.

என்னை என்ன சொல்லவேண்டுமோ சொல்.

குழந்தைவேலு


சென்னை-15
6-3-1972

அண்ணா,

உன் கடிதமும் சேணமும் ஒரே நாளில் வந்தன. இத்தனை நாள் நீங்கள் என்று எழுதினேன். இப்போது அந்த மரியாதை வரவில்லை.

உன்னை என்ன சொல்லவேண்டுமோ சொல் என்கிறாய். சொல்ல வாய் எனக்கு இருக்கிறதா என்று பார்க்கிறேன். நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் உன்னை நம்பினேன். அவரை நம்பவில்லை.

உன்னை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரி அவர், "நான் தைச்சது விடாது மங்கை" என்றார். நான் பாயை எடுத்துப் போட்டேன். அவ்வளவுதான். அதற்குப்பிறகு அவர் அதைச் சொல்லவே இல்லை. எட்டரை வருடம் நான் அந்த மனுஷனுக்குச் சோறு போட்டேன். போடும்போதெல்லாம், எந்த அவசரத்தில் எந்த மட்டமான நூலைப் போட்டாரோ, என் அண்ணன் நொண்டியாகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டே போட்டேன். அவர் சிநேகிதரை அவரே கெடுத்துவிட்டாரே என்று கோயிலில் அவருக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். நினைத்துப் பார். அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டேன்.

உன்னோடு பேச்சை நிறுத்தியது அவருக்கு மரியாதை என்றுதான். மனசுக்குள் உன் பக்கம்தான் இருந்தேன்.

அன்றைக்கு உன் கடிதத்தை வாசிக்கத் தொடங்கி, ஒரு பக்கிள் என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அவரே வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். முடிக்க ரொம்பநேரம் ஆயிற்று. மடித்து வைத்துவிட்டு என்னைக் கேட்டார்:

"நீயும் அப்படித்தான் நெனச்சியா, இத்தன வருஷமும்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நம் குடும்பத்தில் யாராவது ஒருவராவது உண்மை சொல்லவேண்டும் என்று தோன்றியது. ஆமாம் என்றேன்.

"தெரியும்" என்றார். சாக்கைப் பிரிக்கக்கூட இல்லை. சேணம் அப்படியே மூலையில் இருக்கிறது. வீட்டில் நாங்கள் இரண்டுபேரும் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறோம். சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார், வருகிறார். கேட்டதற்குப் பதில் சொல்கிறார். அவர் கத்தினால் தேவலை. கத்தவில்லை.

நீ உன் பாரத்தை இறக்கி வைத்துவிட்டாய். அது நேரே இங்கே வந்து இறங்கியிருக்கிறது.

மங்கை


கேம்பல் பே
30-4-1972

மங்கை,

டிசம்பரில் நீ எழுதியதும் மார்ச்சில் எழுதியதும் ஒரே பையில் வந்தன. அவர்மேல் கோபம் இல்லை என்று ஒரு வரி எழுது என்று கேட்டிருந்தாய். அதை மட்டும் பத்துத் தடவை படித்தேன்.

நீ எழுதியதற்கெல்லாம் வரிக்கு வரி பதில் எழுதலாம். எழுதினால் சமாதானம் சொல்வதுபோல ஆகும். சொல்லமாட்டேன்.

இங்கே நிலத்து ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். கூடவே நிலம் அளக்கிற பட்வாரி. என் எழுத்தை என் எதிரிலேயே படித்து, இது உன் கையெழுத்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எதுக்கு இப்ப எழுதினே? யாரும் கேக்கலையே" என்று இந்தியில் கேட்டார். வெட்டிய இடத்தை அளந்தார்கள். தென்னங்கன்றுகளை எண்ணிக் குறித்துக்கொண்டார்கள். ருக்கு கூடவே நடந்து, விட்டுப்போன கன்றுகளைக் காட்டினாள். எண்ணுவது கொடுப்பதற்கா எடுப்பதற்கா என்று அவரும் சொல்லவில்லை. முடிவு போர்ட் பிளேரிலிருந்து வருமாம்.

கப்பல் ஊதினால் என்னால் உட்கார முடியவில்லை. கரைக்குப் போகிறேன். பை பிரிக்கும்வரை நிற்கிறேன். நமக்கு ஒன்றும் இல்லை என்றதும் திரும்பி வந்து கத்தியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போகிறேன். போகப்போகிற நிலமோ என்னவோ, இன்னும் அரை ஏக்கர் வெட்டிவிட்டேன். பைத்தியமா உங்களுக்கு என்கிறாள் ருக்கு. தாமஸ் கோல் ஊன்றி நடக்கிறான்.

மாப்பிள்ளை சாக்கைப் பிரித்தாரா?

குழந்தைவேலு


சென்னை-15
11-6-1972

அண்ணா,

பிரித்தார். ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தபோது சேணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஈரத்துணி, காய்ந்த துணி, மெழுகு எல்லாம் எடுத்து வைத்திருந்தார். வாரில் பக்கிள் தழும்பை விரலால் தடவிப் பார்த்தார். பொழுதுசாயும்வரை துடைத்தார். பிய்ந்த வாரை மட்டும் தைக்கவில்லை. நான் கேட்டதற்கு, "அது இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் சைக்கிளில் கட்டிக்கொண்டு லாயத்துக்குப் போனார். உன் எழுத்தை எடுத்துக்கொண்டு போங்கள் என்று நீட்டினேன். வாங்கவில்லை. நடந்ததைச் சாயங்காலம் அவரே சொன்னார். இரண்டு மாதத்துக்குப்பிறகு அவராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். மானேஜர் அங்கவடி வாரை இரண்டு கையாலும் முறுக்கி இழுத்துப் பார்த்தாராம்.

"எப்ப தைச்சது?"

"அறுபத்திரண்டு."

"எங்க இருந்துச்சு இத்தன நாளும்?"

"மழையில."

"இந்த ஒரு வார் ஏன் பிஞ்சிருக்கு?"

"குதிரை மிதிச்சது சார்."

அவ்வளவுதான் கேட்டாராம். நடுவில் வைத்த ஆள் சரியில்லையென்று ஏற்கெனவே அனுப்பியிருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார். உன் பெயரை அங்கே எடுக்கவே இல்லை.

லாயத்திலேயே தங்கும்படி இடம் கொடுத்தார்கள். அவர் மட்டும் போனார். என்னை வா என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஐந்து வாரம் நான் இங்கே தனியாக இருந்தேன். ஒருவருக்கு மட்டும் சமைக்க உட்கார்ந்தால் எழுந்து எழுந்து வாசலுக்குப் போவேன். ஒருநாள் வேளச்சேரி பஸ் ஏறிவிட்டேன். பாதியில் இறங்கி நடந்தே திரும்பினேன். போய் என்ன சொல்வது?

நேற்று வந்தார். தலைவாசலில் செருப்பைக் கழற்றியபடியே பேசினார். "ரெண்டு ரூம் குடுத்திருக்காங்க. சமையல் ரூம்ல ஜன்னல் இல்ல. உனக்குப் பொகை ஒத்துக்காது. ஜன்னல் வெக்கச் சொல்லியிருக்கேன், இந்த வாரத்துல வெச்சுடுவாங்க."

நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்து இலை போட்டேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்கிற ஆளும் இல்லை. அடுத்த ஞாயிறு சாமான்களை எடுத்துக்கொண்டு போகிறேன். புது விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன்.

உன்னை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. சில நாள் காலையில் எழுந்ததும் உன்மேல் வருகிற கோபத்தில் பல் தேய்க்கக்கூட மறந்துவிடுகிறேன். அது எப்போது போகும் என்று எனக்குத் தெரியாது.

நேற்றுச் சாப்பிட்டு முடித்ததும் உன் ஏப்ரல் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். தென்னங்கன்று எண்ணிய இடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னார். கையைத் துடைத்துக்கொண்டே, "நெலத்த எடுத்துக்கிட்டா அவங்க ரெண்டு பேரும் எங்க போவாங்க?" என்று கேட்டார்.

நான் கேட்டிருக்கவேண்டியது அது. இத்தனை கடிதத்தில் நான் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன். எங்கே போவீர்கள், அண்ணா?

மங்கை